மைனஸ் 88 மீட்டர்

சென்னை நொச்சிக்குப்பத்தில் லூப் சாலை மீன் அங்காடியைத் தாண்டி, வலை காயும் மணலில் நின்றுகொண்டு போனில் உயரம் காட்டும் செயலியைத் திறந்தேன். விடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். வடக்கே கலங்கரை விளக்கம், எதிரே கடல், காலடியில் நண்டு ஓடுகளும் அறுந்த நைலான் இழைகளும். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரையில் எண் வந்து நின்றது: மைனஸ் 88 மீட்டர்.

பக்கத்தில் ஒரு பெரியவர், வலையில் மாட்டிய நண்டைக் கால் உடையாமல் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, அப்பிடி உத்துப் பாக்குற?" என்றார்.

"நாம நிக்கிற இடம் 88 மீட்டர் பள்ளத்துல இருக்குன்னு போன் காட்டுது ஐயா."

அவர் கடலைப் பார்த்தார். இருபது அடி தள்ளி அலை வந்து நுரைத்துவிட்டுத் திரும்பியது. "அப்போ அந்தத் தண்ணி ஏன் நம்ம தலைக்கு மேல வரல?"

மிகச் சரியான கேள்வி. செயலி காட்டிய எண்ணில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. எங்கிருந்து 88 மீட்டர் கீழே என்பதை மட்டும் அது சொல்லவில்லை. உயரம் என்ற எண்ணுக்கு உயிரே அந்த 'எங்கிருந்து' தான். அளவைத் துறையில் அதை டேட்டம் என்பார்கள். ஆதார மட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நொச்சிக்குப்பத்தில் ஒரே இடத்தில் நின்றபடி நாலைந்து ஆதார மட்டங்களை எண்ணலாம். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை மாற்றத் தெரியாமல் இந்தக் கரையில் ஒரு மழைநீர் வடிகாலைக்கூட ஒழுங்காகக் கட்ட முடியாது.

முதலில் போனின் பூச்சியத்தைப் பார்ப்போம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களுக்குக் கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவை பூமியின் நிறை மையத்தைச் சுற்றி வருகின்றன. அவற்றை வைத்துக் கணக்கிடும் எந்த இடமும் அந்த மையத்தை ஒட்டியே கிடைக்கும். மையத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று சொன்னால் யாருக்கும் பயன்படாது. அதனால் பூமிக்குப் பதிலாக வழவழப்பான ஓர் உருவத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். மேலும் கீழும் லேசாக அமுக்கிய சாத்துக்குடி போன்றது அது. நீள்கோளம் என்று பெயர். நடுவயிற்றில் அதன் ஆரம் 6378.137 கி.மீ., துருவத்தில் 6356.752 கி.மீ. டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று சர்வேயர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் அமைப்பில் இருப்பது இந்த உருவம்தான். போன் காட்டிய 88, இந்தச் சாத்துக்குடித் தோலிலிருந்து கீழே இறங்கிய 88.

ஆனால் கடல் அந்தத் தோலின் மேல் படிந்து கிடக்கவில்லை. ஏன் என்பதைக் கொத்தனார்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்காடிக்கு எதிரே வாரியக் குடியிருப்பில் ஒரு வீட்டில் கதவு நிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் கையில் டியூப் மட்டம்: தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரப்பர் குழாய். ஒரு முனை அவரிடம், மறு முனை அடுத்த அறையில் உதவியாளரிடம். "நடுவுல காத்து நிக்குதா பாரு" என்று ஒரு குரல். குமிழி போனதும், இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. இடையில் சுவர் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது. ஆனாலும் இரண்டு கோடும் ஒரே மட்டம். அந்தக் குழாய்க்குப் பூமியின் வடிவம் பற்றிக் கவலை இல்லை. ஈர்ப்பு நிலையாற்றல் எங்கே சமமாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் நிற்கிறது.

கடல் என்பது உலகத்தைச் சுற்றிப் போட்ட டியூப் மட்டம். காற்று, அலை, ஓதம், நீரோட்டம் எதுவும் இல்லாமல் உலகக் கடல் முழுதும் அசையாமல் நின்றால் அதன் மேற்பரப்பு எந்த வடிவம் எடுக்குமோ, அதைக் கண்டங்களுக்கு அடியிலும் நீட்டிக் கற்பனை செய்துகொண்டால் கிடைப்பது ஜியாய்டு. பூமிக்குள் நிறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருந்தால் ஜியாய்டும் சாத்துக்குடித் தோலும் ஒன்றாகவே இருந்திருக்கும். அப்படிப் பரவவில்லை. கனமான பாறை இருக்கும் பக்கம் தண்ணீர் இழுபட்டுக் குவிகிறது; நிறை குறைந்த பகுதிக்கு மேல் கடல் தாழ்ந்து போகிறது.

உலகத்திலேயே கடல் மிகவும் தாழ்ந்து கிடக்கும் இடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு, நீள்கோளத்திலிருந்து 106 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. டச்சு அறிவியலாளர் வேனிங் மைனெஸ் 1948-இல் இதைக் கண்டறிந்தார். காரணம் என்ன என்பதில் வெகுகாலம் தெளிவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. பழைய தெத்திஸ் கடலின் தரைத்தட்டு பூமிக்குள் புதைந்து ஆழத்துக்குப் போனது; அது ஆப்பிரிக்காவுக்கு அடியில் இருக்கும் வெப்பப் பொருளைக் கலைத்துவிட, சூடான, எடை குறைந்த பாறைப்பொருள் இந்தப் பகுதிக்கு அடியில் மேலெழுந்தது; அதனால் ஈர்ப்பு குறைந்தது என்பது அவர்கள் வாதம். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இருக்கிறது. சென்னைக் கரையில் ஜியாய்டு நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே.

பள்ளம் என்றதும் கப்பல் இறங்கி ஏறுவதுபோல் ஒரு படம் மனதில் வரும். அப்படி எதுவும் நடக்காது. தூக்குக்குண்டு அங்கேயும் நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகவே தொங்கும். ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே நிற்கும். கப்பலில் இருப்பவருக்குக் கடல் எங்கும் மட்டம்தான். சாத்துக்குடியோடு ஒப்பிட்டால்தான் பள்ளம் தெரியும்.

இதைப் பெரியவரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "அந்தக் கணக்குல பாத்தா கடலே மைனஸ் 91-லதான் இருக்கு ஐயா" என்றேன். நண்டைக் கூடையில் போட்டார். "அத்த முதல்லயே சொல்லக் கூடாதா? கடல் தொண்ணூத்தி ஒண்ணு, நாம எண்பத்தெட்டு. நாம மூணு மீட்டர் மேல இருக்கோம்."

சர்வேயர்கள் வகுப்பில் கற்கும் சூத்திரம் இவ்வளவுதான். செயற்கைக்கோள் தந்த உயரத்திலிருந்து அந்த இடத்தின் ஜியாய்டு உயரத்தைக் கழிக்க வேண்டும். மைனஸ் 88-லிருந்து மைனஸ் 91-ஐக் கழித்தால் பிளஸ் 3. ஐரோப்பாவில் பல இடங்களில் ஜியாய்டு நீள்கோளத்துக்கு மேலே இருப்பதால் அங்கே கழித்தால் எண் குறையும்; நமக்குக் கழித்தால் கூடும். குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்டால் நொச்சிக்குப்பம் 179 மீட்டர் பாதாளத்துக்குப் போய்விடும். அந்த அளவுக்குப் பெரிய தவறு உடனே கண்ணில் படும். சிறிய தவறுகள்தான் படாது. போனில் செங்குத்துப் பிழையே சில மீட்டர் வரும் என்பதால் இந்த மூன்று மீட்டரை வைத்து யாரும் அஸ்திவாரம் போட்டுவிடக் கூடாது. கணக்கின் போக்கைப் புரிந்துகொள்ள மட்டும் அது போதும். சில போன்கள் இந்தக் கழித்தலைத் தாங்களே செய்துவிட்டுக் காட்டுகின்றன, சில செய்வதில்லை. ஒரே மணலில் நின்று இரண்டு பேர் இரண்டு போனைப் பார்த்தால் 90 மீட்டர் வித்தியாசம் வருவது இதனால்தான்.

பெரியவர் விடவில்லை. "மூணு மீட்டர்னா எந்தத் தண்ணியிலேந்து? பங்குனித் தண்ணியிலேந்தா, கார்த்திகைத் தண்ணியிலேந்தா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்திய அளவைத் துறைக்கு ஐம்பது வருடம் பிடித்தது. கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறுகிறது. அதற்கு மேல் பருவம் வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடல் நீரோட்டம் நம் கரையோரமாகத் தெற்கு நோக்கித் திரும்பும்போது, சென்னையில் கடலின் மாதச் சராசரியே உயர்ந்து நிற்கும். கோடையை ஒட்டித் தாழும். குப்பத்தில் படகை எவ்வளவு தூரம் மேலே இழுத்துப் போடுவது என்பது மாதத்துக்கு மாதம் மாறுவதை அவர்கள் உடம்பால் அறிந்திருக்கிறார்கள். ஆகவே பல வருடங்கள் மணிக்கு மணி அளந்து சராசரி எடுத்தால்தான் 'கடல்மட்டம்' என்று ஒன்றைச் சொல்ல முடியும்.

சென்னையில் இந்த முயற்சி பழையது. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய பொறியாளர் டி ஹாவிலண்ட், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே சராசரிக் கடல்மட்டத்தை அளந்து புனித ஜார்ஜ் கோட்டையில் குறி வைத்தவர். நாடு தழுவிய வேலை 1858-இல் தொடங்கியது. சாலையோரமாக, ரயில் பாதையோரமாக, ஒரு நேரத்தில் நூறு மீட்டருக்கும் குறைவான தூரம் பார்த்துப் பார்த்து, பல்லாயிரம் கிலோமீட்டர் மட்டம் எடுத்தார்கள். 1909-இல் எல்லாவற்றையும் ஒரே கணக்காக இணைத்தார்கள். பூச்சியமாக எடுத்துக்கொண்டது ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல்மட்டத்தை: கராச்சி, மும்பை, கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் ஃபால்ஸ் பாயின்ட். ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று நாம் படித்து வளர்ந்தது இந்தப் பூச்சியத்தைச் சேர்ந்த எண்.

அந்த ஒன்பது துறைமுகங்களிலும் கடல் ஒரே மட்டம்தான் என்று வைத்துக்கொண்டதில் ஒரு சிக்கல் இருந்தது. தரை வழியாக மட்டம் எடுத்துக்கொண்டு போனால், விசாகப்பட்டினத்தில் கடல் மும்பையைவிட ஏறத்தாழ 30 செ.மீ. உயரமாக நின்றது. மட்டம் எடுத்தவர்களின் பிழை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் டி. சங்கரும் எஸ்.ஆர். ஷெட்யேவும் 2001-இல் அது கடலின் உண்மையான குணம் என்று காட்டினார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் மற்ற ஆறுகளும் பருவமழையும் வங்கக் கடலில் நன்னீரைக் கொட்டுகின்றன. அரபிக் கடலில் ஆவியாவது அதிகம், உப்பும் அதிகம். உப்பு குறைந்த தண்ணீர் எடை குறைந்தது. அது கொஞ்சம் உயரமாக நின்றால்தான் எடை சரியாகும். கொத்தனாரின் குழாயில் ஒரு பாதிக்கு நல்ல தண்ணீரும் மறு பாதிக்கு உப்புக் கரைசலும் ஊற்றினால் இரு முனையும் ஒரே மட்டம் காட்டாது அல்லவா? அதேதான். நூறு வருடத்துக்கு முன்னால் வெயிலில் ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நடந்த பெயர் தெரியாத கலாசிகள் எடுத்த அளவு, வங்கக் கடலின் உப்புக் குறைவைக் கண்டுபிடித்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

ஆனால் 1909 கணக்கு அந்த 30 சென்டிமீட்டரைப் பூச்சியமாக அழுத்தி, நாட்டின் மட்டக் குறிகளுக்கிடையே பரப்பிவிட்டது. அளந்தெடுத்த ஈர்ப்பு மதிப்புகளும் அதில் இல்லை. இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் இந்திய அளவைத் துறை ஐ.வி.டி. 2009 என்ற புதிய ஆதார மட்டத்தை உருவாக்கியது. ஆகவே பழைய குறிக்கல்லின் உயரம், புதிய உயரம் என்று ஒரே கல்லுக்கு இரண்டு எண் இருக்கலாம். எந்த வருடத்துக் கணக்கு என்று கேட்காமல் எடுத்துக்கொள்வது ஆபத்து. இன்னொன்றும் உண்டு: 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. வரைபடத்தில் கடல்மட்டம் என்று எழுதியிருப்பது இன்றைய கடலின் சராசரி இல்லை.

முப்பது சென்டிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு லாஃபன்பர்க் பாலத்தைச் சொல்வேன். ரைன் ஆற்றின் மேல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் இரு கரையிலிருந்தும் கட்டிக்கொண்டு வந்தன. ஜெர்மனியின் பூச்சியம் ஆம்ஸ்டர்டாமில், சுவிட்சர்லாந்தின் பூச்சியம் மார்செய்யில். இரண்டுக்கும் 27 செ.மீ. வித்தியாசம். இது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, திருத்தமும் செய்தார்கள். குறி மாறிவிட்டது. 2003-இல் பார்த்தபோது இரு பக்கத்துக்கும் இடையே 54 செ.மீ. வந்து நின்றது.

நம் கரையில் அதற்குச் சமமான பொறி துறைமுகத்தின் பூச்சியம். கடல் வரைபடத்தில் ஆழத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து சொன்னால் கப்பல் தரை தட்டும், ஏனென்றால் பாதி நேரம் தண்ணீர் அதற்குக் கீழே இருக்கும். மாலுமிக்குத் தெரிய வேண்டியது குறைந்தபட்சம் எவ்வளவு ஆழம் என்பது. அதனால் இந்தியத் துறைமுகங்களுக்கென்று, சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின், கடல் மிக அபூர்வமாகவே இறங்கும் ஒரு தாழ்மட்டத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார். சென்னையில் சராசரிக் கடல்மட்டம் இந்தப் பூச்சியத்துக்கு ஏறத்தாழ 65 செ.மீ. மேலே இருக்கிறது. அதே கடல் வரைபட மரபில் கலங்கரை விளக்கின் ஒளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை உயர் ஓத மட்டத்திலிருந்து எழுதுவார்கள். ஆழத்துக்கு மிகக் கீழ்த் தண்ணீர், விளக்குக்கு மேல் தண்ணீர். ஒரே தாளில் இரண்டு பூச்சியம், இரண்டும் கடலில் போகிறவரின் உயிரை எண்ணி வைத்தவை.

இப்போது ஒரு வடிகாலை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூரிலிருந்து மழைநீரைக் கடலுக்கோ கால்வாய்க்கோ கொண்டுவர வேண்டும். தெருவின் மட்டம் இந்திய அளவைத் துறையின் பூச்சியத்திலிருந்து எடுத்தது. கடல் எவ்வளவு ஏறும் என்பதை ஓத அட்டவணையில் பார்த்தால், பௌர்ணமி, அமாவாசை உயர் ஓதம் சராசரியாக 1.15 மீட்டர் என்று இருக்கும். அது துறைமுகப் பூச்சியத்திலிருந்து. 0.65-ஐக் கழித்தால் 0.50; தெருவின் கணக்கில் கடல் ஏறுவது ஏறத்தாழ அரை மீட்டர்தான். கழிக்காமல் விட்டால் 65 செ.மீ. தவறு, கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 1.30 மீட்டர் தவறு. இந்த ஊர் தட்டையானது. 2000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் போகும் வடிகாலில் 65 செ.மீ. என்பது 1300 மீட்டர் நீளத்துச் சரிவு. நொச்சிக்குப்பத்து அலையிலிருந்து கபாலீசுவரர் கோயில் குளம் வரைக்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். கடலை உயரமாகக் கணக்கிட்டால் தேவையில்லாமல் பம்பு வைப்பார்கள். எதிர்ப்பக்கம் தவறினால், ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கடல் நீர் வடிகால் வழியே ஊருக்குள் திரும்பி வரும்.

கட்டட வேலையில் இன்னொரு பூச்சியமும் புழங்குகிறது. சில வாரங்களுக்கு முன் இதே சாலையில் இரண்டு பேர் ஆட்டோ லெவல் வைத்து மட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முக்காலியின் மேல் கருவி, தள்ளி ஒருவர் கையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட ஸ்டாஃப். கருவியில் கண் வைத்திருந்தவர் கையை அசைத்தார். ஸ்டாஃப்காரர் அதை மெதுவாகத் தன் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஆட்டினார். ஆடும்போது தெரியும் அளவுகளில் மிகக் குறைந்ததே ஸ்டாஃப் நேராக நிற்கும் கணத்தின் அளவு. அதை நோட்டில் குறித்தார். தொடக்கப் புள்ளி ஒரு சிறுபாலத்தின் ஓரக் கல், சிவப்புப் பெயின்டில் அம்புக்குறி, பக்கத்தில் ஆர்.எல்., அதாவது ஆதார மட்டத்திலிருந்து உயரம், 100.000. அந்தக் கல் கடலுக்கு நூறு மீட்டர் மேலே இல்லை. வேலை நடக்கும் இடத்தில் மைனஸ் எண் வராமல் இருக்க, தற்காலிகமாக ஒரு புள்ளியை நூறு என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த வேலைக்குள் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து அடுத்த ஒப்பந்தக்காரர் வேறொரு நூறில் தொடங்கினால், இந்தத் தெருவும் அந்தத் தெருவும் ஒன்றோடொன்று பேசாது. அருகிலுள்ள அரசு மட்டக்குறியிலிருந்து ஒரே ஒரு முறை மட்டம் கொண்டுவந்து அந்த நூறு உண்மையில் எத்தனை என்று எழுதிவைத்தால் போதும். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை, ஏனென்றால் தெருவைவிட வீட்டு வாசல் தாழ்ந்துபோவது இப்படித்தான் தொடங்குகிறது.

ஆழிப்பேரலைக்குப் பிறகும் எந்தப் பூச்சியம் என்ற இந்தக் கேள்வி வந்தது. 2004 டிசம்பர் 26, பௌர்ணமி. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஆய்வுக் குழுக்கள் கரை நெடுகச் சுவர்களில் சேற்றுக் கோட்டைத் தேடி அளந்தன. கோட்டிலிருந்து அன்றைய கடல்நீர் வரை மட்டம் எடுப்பது எளிது. ஆனால் அளக்கும் நேரத்தில் ஓதம் எங்கே இருந்தது, அலை வந்த காலையில் எங்கே இருந்தது என்று இரண்டையும் திருத்தினால்தான் நாகப்பட்டினத்து எண்ணையும் சென்னை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சுவரில் நின்ற தண்ணீர் ஒன்றுதான்; எந்தப் பூச்சியத்திலிருந்து என்பதைப் பொறுத்து அதற்கு அரை மீட்டர் கூடும், குறையும். கரையோரத்தில் எந்த வீடு அபாயக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று முடிவு செய்யும் இடத்தில் அரை மீட்டர் என்பது ஒரு குடும்பத்தின் முகவரி.

பெரியவரிடம் அவருடைய கேள்வியையே திருப்பிக் கேட்டேன். "உங்க கணக்குல தண்ணி எதுவரைக்கும் வரும் ஐயா?"

வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மணல் மேட்டில் ஒரு சவுக்குக் கழி நட்டிருந்தது. உப்புக் காற்றில் வெளுத்து, தலைப்பக்கம் பிளந்திருந்தது. ஐப்பசி பிறந்தால் படகின் முன்மூக்கு இந்தக் கழிக்கு மேலே இருக்க வேண்டும் என்றார். அவர் அப்பா காலத்தில் கழி இன்னும் கீழே இருந்ததாம். 2004-க்குப் பிறகு இவர் பத்தடி மேலே மாற்றி நட்டிருக்கிறார். மழைக்காலத்துப் பௌர்ணமியில் அலையின் நுரை கழியின் அடியைத் தொடுமாம்.

கழியின் பக்கத்தில் போனை வைத்தேன். மைனஸ் 87 என்றது, பிறகு 89. அந்தக் கழியின் ஆர்.எல். எந்த நோட்டிலும் இல்லை.